பேச்சு பை போர்டிலிருந்து, மின்சாரம் வேறு வழியில்

ராஸ்பெர்ரி பை போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக நாற்பது பின்கள் நிற்கும். அவற்றில் 2ஆம் பின்னும் 4ஆம் பின்னும் 5 வோல்ட். முதன்முதலாக ஒரு சர்வோ மோட்டார் வாங்கி வந்தவர்களின் கை நேராகப் போவது அங்கேதான். பொம்மை விமானத்துக்குப் போடும் ஒன்பது கிராம் சர்வோவாக இருந்தால், சிவப்பு வயரை அந்தப் பின்னில் செருகியதும் அது சமர்த்தாகத் திரும்பும். அப்புறம் என்ன, இன்னும் பெரிய மோட்டார்களுக்கும் இதே வழிதான் என்று மனசு முடிவு கட்டிவிடும்.

அடுத்து ஆறு மூட்டு வைத்த ரோபோ கை. ஒரு மூட்டை மட்டும் அசைக்கும்வரை எல்லாம் சரியாகவே இருக்கும். தோள் மூட்டு மொத்தக் கையையும் தூக்கும் அந்த நொடியில் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். சில சமயம் போர்டே அணைந்து மறுபடி பூட் ஆகும். மாணவர்கள் உடனே பைத்தான் புரோகிராமைத் திறந்து வரிவரியாகத் தேட ஆரம்பிக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தேடினாலும் அங்கே பிழை கிடைக்காது. மின்னல் குறிக்கு ஒரே அர்த்தம்தான்: போர்டுக்கு வரும் 5 வோல்ட், ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் கார்டில் உள்ளதும் கெட்டுப்போகலாம்.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது. பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பம் வராது.

சீரியல் சர்வோ என்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். சாதாரண சர்வோவுக்கு நொடிக்கு 50 தடவை ஒரு துடிப்பை அனுப்புகிறோம். அந்தத் துடிப்பு 1 மில்லிசெகண்ட் அகலமா, 2 மில்லிசெகண்ட் அகலமா என்பதைப் பார்த்து அது கோணத்தை முடிவு செய்யும். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி சிக்னல் வயர் வேண்டும். மோட்டார் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, வழியில் எதிலாவது முட்டி நிற்கிறதா என்று நமக்குத் தெரியாது. அதற்குக் கேட்கத்தான் தெரியும், பேசத் தெரியாது.

சீரியல் சர்வோவுக்கும் மூன்றே வயர்தான்: கிரவுண்ட், பவர், டேட்டா. ஆனால் உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் உட்கார்ந்திருக்கிறது. கோணத்தை அளக்கும் சென்சாரும் மோட்டாரை ஓட்டும் டிரைவரும் அதன் பொறுப்பில் இருக்கின்றன. ‘இந்த இடத்துக்குப் போ’ என்று எண்களில் சொன்னால் போகும். ‘எங்கே இருக்கிறாய், எவ்வளவு சூடாக இருக்கிறாய்’ என்று கேட்டால் பதில் சொல்லும். ஒன்றின் வாலில் இன்னொன்றைச் செருகிக்கொண்டே போகலாம். ஆறு மோட்டாருக்கும் டேட்டா வயர் ஒன்றே. கொரியாவின் ரோபோடிஸ் நிறுவனம் தயாரிக்கும் டைனமிக்சல் வரிசை இதில் மூத்தது. அதில் ஏஎக்ஸ்-12ஏ என்ற மாடலைப் பல கல்லூரி ஆய்வகங்களில் பார்க்கலாம். இப்போது பொழுதுபோக்காகச் செய்பவர்கள் கையில் அதிகம் புழங்குவது சீனாவின் ஃபீடெக் தயாரிக்கும் எஸ்டிஎஸ்3215. ஹக்கிங் ஃபேஸ் நிறுவனமும் தி ரோபோட் ஸ்டுடியோவும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட எஸ்ஓ-100, அடுத்த ஆண்டு வந்த எஸ்ஓ-101 ஆகிய ரோபோ கைகளில் இருப்பது இதுதான், கைக்கு ஆறு வீதம். த்ரீடி பிரிண்டரில் பாகங்களை அச்சடித்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்பதால் இந்தக் கைகள் வேகமாகப் பரவின. நாமும் இதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் மின்சாரக் கணக்கு. எஸ்டிஎஸ்3215 மோட்டாரின் 12 வோல்ட் வகை, அசைய விடாமல் பிடித்து நிறுத்தினால் 2.7 ஆம்பியர் இழுக்கும். அந்த நிலையில் அதன் முறுக்கு விசை 30 கிலோ-சென்டிமீட்டர். ஆறும் ஒரே நேரத்தில் அப்படி நின்றால் 16.2 ஆம்பியர். நடைமுறையில் ஆறும் சேர்ந்து முட்டி நிற்பது அரிது. எடையைச் சுமப்பது தோளும் முழங்கையும்தான். மணிக்கட்டும் விரலும் பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனால் ஒரு கைக்கு 12 வோல்ட் 10 ஆம்பியர் சப்ளை தாராளம் என்பது என் கணிப்பு. 2 ஆம்பியர் ரவுட்டர் அடாப்டரை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். இன்னொரு பக்கம், பை 4 போர்டுக்கு அதன் சொந்த அடாப்டரே தருவது 5.1 வோல்ட்டில் 3 ஆம்பியர். அதில் பெரும்பங்கைப் போர்டும், அதில் மாட்டியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ரோபோ கையை ஓட்ட முடியாது.

ஆக, போர்டின் வேலை பேசுவது மட்டும். மோட்டாருக்கான மின்சாரம் போர்டைத் தொடாமல் தனி வழியில் வர வேண்டும். இரண்டு வழியும் கிரவுண்டில் மட்டும் சந்திக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான். மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

எல்ஈடி ஸ்ட்ரிப்புக்கும் சிசிடிவி கேமராவுக்கும் விற்கிற 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் இதற்குப் போதும். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதன் ஒரு முனையில் 230 வோல்ட் திறந்து கிடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மூடி போட்ட மாடலாகப் பாருங்கள், எர்த் வயரைக் கட்டாயம் இணையுங்கள். பக்கத்தில் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும்; அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ தெரியாது. மோட்டாரை மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்து 12 தானா என்று பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் வயரில் ஒரு ஃபியூஸ் போடுங்கள்; கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸே போதும். சப்ளை முனையில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால், தூக்கிய கை திடீரென்று தணியும்போது மோட்டார்கள் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும், கிளம்பும்போது ஒரேயடியாக இழுப்பதையும் அது ஓரளவு சமாளிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஸ்டிஎஸ்3215 இரண்டு வகையாக வருகிறது: 7.4 வோல்ட், 12 வோல்ட். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எஸ்ஓ-101 போன்ற அமைப்பில் இரண்டு கைகள் உண்டு. நாம் பிடித்து அசைப்பது ஒன்று, அதைப் பார்த்து அப்படியே செய்வது மற்றொன்று. வேலை செய்யும் கைக்கு 12 வோல்ட் வகையும், பிடித்து அசைக்கும் கைக்கு 7.4 வோல்ட் வகையும் போடுவது வழக்கம். பிடித்து அசைக்கும் கைக்கு 5 வோல்ட் சப்ளையே போதும். இரண்டு அடாப்டரின் முனையும் ஒரே மாதிரி. அவசரத்தில் மாற்றிச் செருகிவிட்டால் ஆறு மோட்டாரும் போய்விடும். சிவப்பு டேப் ஒன்றுக்கு, நீல டேப் இன்னொன்றுக்கு என்று வாங்கிய அன்றே சுற்றிவிடுங்கள்.

அடுத்தது வயர். 22 கேஜ் செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.053 ஓம் மின்தடை. 26 கேஜில் 0.134 ஓம். அரை மீட்டர் நீளக் கை என்றால் மின்சாரம் போய் வர ஒரு மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால், 26 கேஜ் வயர் மட்டுமே 0.67 வோல்ட்டை விழுங்கும். அது போக ஒவ்வொரு கனெக்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம். இந்த மோட்டார்களில் வரும் சின்னக் கனெக்டர்கள் பின் ஒன்றுக்கு 3 ஆம்பியர் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. ஆறு மோட்டாரின் மின்சாரமும் முதல் கனெக்டர் வழியாகவே போவதால், அது சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். சுட்டால் சங்கிலியின் நடுவில் இன்னொரு இடத்திலும் 12 வோல்ட்டைக் கொண்டுபோய் இணையுங்கள். டேட்டா வயர் பழையபடி சங்கிலியாகவே ஓடட்டும்.

கிரவுண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விநோதமான கோளாறுகள் பலவும் இங்கேதான் பிறக்கின்றன. டேட்டா வயரில் இருப்பது 0 வோல்ட்டா 5 வோல்ட்டா என்பதை சர்வோ தன் கிரவுண்டை வைத்துத்தான் அளக்கிறது. பை போர்டுக்கும் சர்வோ சப்ளைக்கும் பொதுவான கிரவுண்ட் இல்லையென்றால் அந்த அளவுக்கே பொருளில்லை. மோட்டார் ஒன்றும் கேட்காது, அல்லது கண்டபடி உதறும். பொதுவான கிரவுண்ட் இருந்தும் வயர் மெல்லியதாக இருந்தால், சுமை ஏறும்போது கடைசி மோட்டாரின் கிரவுண்ட் சில நூறு மில்லிவோல்ட் மேலே ஏறிவிடும். ‘கையை நீட்டினால் மட்டும் கடைசி மோட்டார் பதில் தருவதில்லை’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. சப்ளையிலிருந்து வரும் தடித்த நெகட்டிவ் வயர் கழன்றுவிட்டால், மோட்டார் மின்சாரம் திரும்பிப்போக வேறு வழியில்லாமல் டேட்டாவோடு வரும் மெல்லிய கிரவுண்ட் வயர் வழியாக பை போர்டுக்குள் நுழையும். போர்டு கருகுவதற்கு அது போதும். அதனால் நெகட்டிவ் முனையில் வயரை முறுக்கிச் சொருகி விடாதீர்கள். லக் அடித்துத் திருகால் இறுக்குங்கள்.

பேட்டரியில் ஓடும் ரோபோவுக்கு இரண்டு அடாப்டர் வைக்க முடியாது. அங்கே 12 வோல்ட்டிலிருந்து 5.1 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வர்ட்டரைப் பை போர்டுக்கென்று தனியாக வையுங்கள். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த பாப்பி எர்கோ ஜூனியரில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். பை போர்டின் மேல் ஒரு சின்னத் துணை போர்டு உட்காரும். அதற்கு 7.5 வோல்ட் கொடுத்தால் ஆறு எக்ஸ்எல்-320 மோட்டார்களுக்கும் அனுப்பும், பை போர்டுக்கான 5 வோல்ட்டையும் தானே உண்டாக்கும். சின்ன மோட்டார்கள் என்பதால் இவ்வளவு சுருக்கமாக முடிகிறது.

இனி பேச்சு. பை போர்டில் 8ஆம் பின் அனுப்பும், 10ஆம் பின் வாங்கும். சர்வோவிலோ டேட்டா வயர் ஒன்றே. அனுப்புவதும் வாங்குவதும் அதே வயரில் மாறி மாறி நடக்க வேண்டும். இரண்டு பின்னையும் நேராக முறுக்கி ஒட்டிவிட முடியாது. பை போர்டின் அனுப்பும் பின் சும்மா இருக்கும்போதும் வயரை 3.3 வோல்ட்டில் பிடித்துக்கொண்டே இருக்கும், சர்வோ வாய் திறக்க முடியாது. போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பது இன்னொன்று. ஏஎக்ஸ்-12ஏ போன்றவை 5 வோல்ட்டில் பதில் சொல்பவை. அதை நேராக 10ஆம் பின்னுக்கு விட்டால் போர்டுக்கு ஆபத்து. 1.8 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 5 வோல்ட் 3.2 ஆக இறங்கும் என்பது பழைய எளிய வழி.

திசையை மாற்ற 74எச்சி126 போன்ற பஃபர் ஐசி போட்டு, ஒரு பின்னால் அதைத் திறந்து மூடலாம். சுற்று எளிது, நேரம்தான் பிரச்சினை. வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட். ஒரு பைட்டுக்கு 10 மைக்ரோசெகண்ட். ஏஎக்ஸ்-12ஏ கடைசி பைட்டைக் கேட்ட 500 மைக்ரோசெகண்டில் பதில் சொல்லத் தொடங்கிவிடும். கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் அமைத்திருப்பார்கள். அதற்குள் நாம் வயரை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். லினக்ஸ் அந்தச் சமயத்தில் வேறொரு வேலையைக் கவனிக்கப் போய்விட்டால் சில மில்லிசெகண்ட் கழித்துத்தான் திரும்பும். பதிலின் தலைப்பகுதி தொலைந்திருக்கும். பத்துக்கு ஒன்பது முறை சரி, ஒரு முறை தப்பு என்கிற வகைக் கோளாறு. கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

பின்கள் வழியாகவே போவேன் என்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பூட் ஆகும்போது அந்த சீரியல் வழியில் லினக்ஸ் தன் செய்திகளை அனுப்பும் பழக்கம் உண்டு. ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் சீரியல் கன்சோலை நிறுத்திவிட்டு, சீரியல் போர்ட்டை மட்டும் திறந்து வையுங்கள். பை 3, பை 4 போர்டுகளில் நல்ல சீரியல் வசதியை ப்ளூடூத் எடுத்துக்கொள்கிறது. 8, 10ஆம் பின்களுக்குக் கிடைப்பது மினி யூஆர்ட். அதன் வேகம் போர்டின் கோர் கடிகாரத்தோடு சேர்ந்து மாறக்கூடியது. ப்ளூடூத்தை நிறுத்தினால் நல்லது இந்தப் பக்கம் வரும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு யூஎஸ்பி சர்வோ அடாப்டர் போர்டுதான். திசை மாற்றத்தை அது தானாகச் செய்துகொள்ளும். 3.3 வோல்ட் பயமும் இல்லை. யூஎஸ்பியில் செருகிவிட்டோமே என்று 12 வோல்ட் ஜாக்கை விட்டுவிடாதீர்கள். யூஎஸ்பி வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போகாது. எஃப்டிடிஐ சிப் வைத்த அடாப்டராக இருந்தால் இன்னொரு நுணுக்கம் உண்டு. வந்த பைட்டுகளைச் சேர்த்துவைத்து 16 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை கொடுப்பது அதன் இயல்பு. லேட்டன்சி டைமர் என்ற அந்த எண்ணை 1 ஆக்கிவிட்டால் ஆறு மோட்டாரையும் படிப்பது பல மடங்கு வேகமாகும்.

சரி, அந்த வயரில் உண்மையில் என்னதான் போகிறது? முதல் மோட்டாரை நடு இடத்துக்கு அனுப்பிப் பார்ப்போம். எஸ்டிஎஸ்3215 ஒரு முழுச் சுற்றை 4096 பங்காகப் பிரிக்கிறது. நடு என்றால் 2048. அனுப்ப வேண்டியது இந்த ஒன்பது எண்கள்:

255, 255, 1, 5, 3, 42, 0, 8, 196.

முதல் இரண்டு 255, ‘கவனியுங்கள்’ என்பதற்கு. 1 என்பது மோட்டாரின் ஐடி. 5, இன்னும் ஐந்து பைட் வருகிறது என்பது. 3 என்றால் எழுது. 42, இலக்கு இடம் குடியிருக்கும் முகவரி. 2048ஐ 256ஆல் வகுத்தால் 8, மீதி 0. மீதியை முதலில் அனுப்ப வேண்டும் என்பதால் 0, 8. கடைசி எண் சரிபார்ப்புக்கு: 1, 5, 3, 42, 0, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 59, 255இலிருந்து கழித்தால் 196. வழியில் ஒரு பிட் புரண்டிருந்தால் கூட்டல் ஒத்துவராது. மோட்டார் அந்தக் கட்டளையைப் புறக்கணித்துவிடும். 90 மைக்ரோசெகண்டில் எல்லாம் முடிந்துவிடுகிறது. டைனமிக்சலின் பழைய நெறிமுறையும் இதே அமைப்புதான், முகவரிகள்தான் வேறு. ஏஎக்ஸ்-12ஏயில் இலக்கு இடம் 30ஆம் முகவரியில் இருக்கிறது. ஃபீடெக்கிலேயே எஸ்சிஎஸ் வரிசை மோட்டார்கள் இந்த 0, 8ஐத் திருப்பி 8, 0 என்று எதிர்பார்க்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

லைப்ரரி இருக்கும்போது இதையெல்லாம் ஏன் கையால் கூட்ட வேண்டும் என்று தோன்றும். ஒரே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். அதன் பிறகு லைப்ரரி ஏதாவது பிழை சொன்னால் எந்த இடத்தில் தடுக்கியது என்று உங்களுக்கே விளங்கும்.

ஐடி விஷயம் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். எண்ணைக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்கு உரியவர் மட்டும் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து வரும் ஆறு மோட்டாருக்கும் எண் 1 தான். அப்படியே சங்கிலியில் மாட்டிக் கூப்பிட்டால் ஆறும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், ஒன்றும் புரியாது. ஆகவே ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி ஐடி மாற்ற வேண்டும். எஸ்டிஎஸ் வரிசையில் 55ஆம் முகவரியில் 0 எழுதிப் பூட்டைத் திறந்து, 5ஆம் முகவரியில் புது எண்ணை எழுதி, மறுபடி 55இல் 1 எழுதிப் பூட்ட வேண்டும். பூட்டைத் திறக்காமல் எழுதினால் மின்சாரம் போனதும் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். மாற்றிய கையோடு மோட்டார் மேல் ஸ்டிக்கரில் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

40ஆம் முகவரியில் 1 எழுதினால் மோட்டார் இறுக்கிப் பிடிக்கும், 0 எழுதினால் விட்டுவிடும். தூக்கி நிற்கும் கைக்கு 0 எழுதினால் கை தொப்பென்று விழும். அனுப்பும் முன் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டுமென்றால் 131 என்ற கட்டளையை 254 என்ற பொது எண்ணுக்கு அனுப்பலாம். ஆறு மோட்டாருக்கும் சேர்த்து 26 பைட்தான்.

எனக்கு இந்த மோட்டார்களில் மிகவும் பிடித்தது, நாம் கேட்டால் அவை தரும் பதில். 62ஆம் முகவரியில் மோட்டாருக்கு வந்து சேரும் வோல்ட்டேஜ் பத்து மடங்காக இருக்கிறது. 255, 255, 1, 4, 2, 62, 1, 185 என்று கேளுங்கள். 255, 255, 1, 3, 0, 118, 133 என்று வந்தால் 11.8 வோல்ட். நடுவில் இருக்கும் 0, எந்தக் குறையும் இல்லை என்பதற்கு. 63இல் வெப்பநிலை செல்சியஸில், 69இல் இழுக்கும் மின்சாரம் 6.5 மில்லிஆம்பியர் அலகில். மல்டிமீட்டர் முனையைக் கையின் நுனிவரை கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. அங்கே இருக்கும் மோட்டாரே அளந்து சொல்கிறது.

கையைப் பூட்டி முடித்ததும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கையை முழுதாக நீட்டி, அது தூக்க வேண்டிய எடையைக் கொடுத்து, ஆறு மோட்டாரின் 62ஆம் முகவரியையும் அரை நிமிடம் தொடர்ந்து படியுங்கள். கடைசி மோட்டாரில் 115க்குக் கீழே இறங்குகிறது என்றால் புரோகிராமைத் தொட வேண்டாம். வயரைத் தடிமனாக்குங்கள், நடுவில் இன்னொரு 12 வோல்ட் இணைப்புக் கொடுங்கள். அது சரியான பிறகு பைத்தானைத் திறந்தால் போதும்.